எந்தப் பீப்பாயில் வருவாய்

இறங்கக் கூடாது. கம்பு நுனியில் உட்கார்ந்தாயிற்று, இனிச் சாறு சொட்டி முடிகிறவரை சும்மா கனத்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. மேலே சீமைப்பலா மரத்துக் கிளையில் ருகுமா தொங்குகிறது, பாம்பு மாதிரி நீளமாகப் பின்னிய பை, வயிறு முட்டத் துருவிய மரவள்ளி. அதன் அடி வளையத்துக்குள் கம்பு, கம்பின் ஒரு முனை வேர் இடுக்கில், மறு முனையில் நான். என் எடைக்குப் பை இழுபட்டு மெலிகிறது, மெலிய மெலியக் கீழே சட்டியில் வெள்ளைச் சாறு விழுகிறது. கோழி வந்தால் விரட்ட வேண்டும், குடித்தால் அங்கேயே விழுந்துவிடும். எங்கள் கிழங்கில் விஷம் உண்டு, அதைப் பிழிந்து எடுத்த பிறகுதான் மாவு எரெபா ஆகும், வட்டமாக, காய்ந்து, மாதக்கணக்கில் கெடாத ரொட்டி. பாதியில் இறங்கினால் பை மறுபடி உப்பிக்கொள்ளும், சாறு உள்ளேயே நின்றுவிடும். அதனால் இறங்கக் கூடாது. ஒருவிதத்தில் நல்லதுதான். எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பவளிடம் ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், வேலையாக இருக்கிறாள் என்று விட்டுவிடுவார்கள். அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மார்சிலீன் விடவில்லை, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள், மடியில் அச்சடித்த தாள்கள், மேலே பறக்காமல் இருக்க ஒரு கல். என் தம்பி மகள். நகரத்தில் பள்ளிக்கூட டீச்சர். நேற்றுச் சாயங்காலம் வந்தாள், மத்தியானப் பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும், அதற்குள் நான் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. வெட்கப்பட்டே வாழ்நாளைக் கழித்தவளுக்கு ஒரு வார்த்தை சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இடது கை மரத்துப்போயிருக்கிறது. கம்பைப் பிடித்திருப்பதாலா, நேற்று அவள் தாளைக் காட்டியதிலிருந்தா தெரியவில்லை. நேற்று ராத்திரி அம்மா கனவில் வரவில்லை. வந்திருந்தால் கேட்டிருப்பேன். வராமல் இருப்பதும் ஒரு பதில் என்று தோன்றியது, உடனே அப்படித் தோன்றியதற்குப் பயமாகவும் இருந்தது.

"இன்னொரு தடவை படிக்கட்டுமா அத்தை?" என்கிறாள். தலையாட்டினேன். படிக்கிறாள். டீச்சர் குரல், ஒவ்வொரு சொல்லையும் தட்டில் எடுத்து வைப்பதுபோல. எங்கள் சனம், கரிபுனாக்காரர்களின் பாட்டுகள் எல்லாவற்றையும் திரட்டி ஒரு புத்தகம் போடுகிறார்கள், பக்கத்தில் இங்கிலீஷில் அர்த்தம், இனிமேல் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இதைத்தான் படிப்பார்கள். அது வேண்டும்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தத் தெருவிலேயே பிள்ளைகள் எங்களிடம் இங்கிலீஷில் பதில் சொல்கிறார்கள், பாட்டு என்றால் போனில் இருப்பது மட்டும்தான் பாட்டு. என் பாட்டைப் பாடுவதற்கு ஒரு வரிசைக்கு ஆள் தேறாது. வரிசை கட்டிப் பக்கத்தில் நிற்பவளின் விரலோடு விரல் கோத்து, முரசு இல்லாமல் பெண்கள் பாடும் பாட்டு, அபெய்மஹானி. போன தடவை நான்கு பேர்தான் நின்றோம், நான்கு பேர் நிற்பது வரிசை இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி இருந்தது. அதனால் புத்தகம் வேண்டும். அச்சில் ஏறியது நிற்கும், வாயில் இருப்பது என்னோடு குழிக்குள் வரும், இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அவள் படிப்பது என் பாட்டு இல்லை. என் பாட்டுக்கு ஐந்து அடி. கடல் வழியாகப் பீப்பாய் வந்தது. திறந்தோம், சட்டை இருந்தது, சோப்பு இருந்தது. அம்மா கையை விட்டுத் தேடுகிறாள். அடிவரை தொட்டுவிட்டாள், உன்னைக் காணோம். செலஸ்தீனோ, நீ எந்தப் பீப்பாயில் வருவாய்? ஐந்து. தாளில் நான்கு. கடல் வழியாகத் தோணி வந்தது என்று தொடங்குகிறது. தோணி. சட்டையையும் சோப்பையும் காணோம். கடைசியில் செலஸ்தீனோ இல்லை, என் சகோதரா என்று இருக்கிறது, என் சகோதரா, நீ எந்தத் தோணியில் வருவாய். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் விளக்கம். ஆங்கிலேயர்கள் நம் முன்னோரை யுருமெய்ன் தீவிலிருந்து கப்பலில் ஏற்றித் துரத்திய துயரத்தைச் சொல்லும் பழம்பாடல். அம்மா என்பது தாய்த் தீவு. சகோதரன் என்பது சிதறிப்போன நம் மக்கள். அம்மா என்பது தீவாம். என் அம்மா லூசியானாவுக்கு முழங்கால் வீக்கம், மீன் தலையை யாருக்கும் கொடுக்க மாட்டாள், தும்மினால் அடுத்த வீட்டு நாய் குரைக்கும். அவளைத் தீவாக்கிவிட்டார்கள். நாலுபக்கமும் தண்ணீர் விட்டுவிட்டார்கள்.

"சகோதரனாம்!" பெத்ரோனா சத்தமாகச் சிரிக்கிறாள். அவள் அடுத்த வீடு, சிறு வயதிலிருந்து சேர்ந்து துருவுகிறோம், என்னைப்போல வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. துருவு பலகையைத் தொடையில் சாய்த்து மாவை வழித்துக்கொண்டே, "ஏன்டி மார்சிலீன், அந்தப் பாட்டுல நான்ல வர்றேன், என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்கிறாள். "நீங்க எங்கே சித்தி வர்றீங்க?" "பீப்பாய்க்குள்ள போன கை யாரோடது?" "அது அம்மா கை," என்றேன், தாங்க முடியாமல். "உங்கம்மா கைதான். ஆனா ஒரு மாசம் தோள்பட்டை வலிச்சது எனக்குடி." சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கம்பு ஆடியது, ஆடக் கூடாது என்று உடம்பை இறுக்கிக்கொண்டேன். அவள் சிரிக்கலாம், அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை, எனக்கு எல்லாம் இருக்கிறது. அம்மா செத்த பிறகு வீட்டில் ஒவ்வொருவராகப் படுத்தோம், காய்ச்சல், காரணம் தெரியாத காய்ச்சல். பூசாரி பார்த்துவிட்டு அவள் துகூ கேட்கிறாள் என்றார். துகூ என்றால் செத்தவர்கள் கேட்டு வாங்கும் பெரிய படையல், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எந்த நாட்டில் இருந்தாலும் வந்தாக வேண்டும், ஒருவர் குறைந்தாலும் படையல் குறைதான். எல்லோரும் வந்தார்கள். ஹோண்டுராஸிலிருந்து வந்தார்கள், நடக்க முடியாத பெரியப்பாவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். செலஸ்தீனோ லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வரவில்லை. அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை, மீன் தலையை அவனுக்கு மட்டும் கொடுப்பாள். வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தான். கோவிலில் முரசு தொடங்கிய அன்று லாரியில் ஒரு நீலப் பீப்பாய் வந்து இறங்கியது, பிளாஸ்டிக், மூடியில் இரும்பு வளையம், மேலே அவன் கையெழுத்தில் என் பெயர். அமெரிக்காவில் இருப்பவர்கள் எல்லோரும் அனுப்புவதுதான், கிறிஸ்துமஸுக்கு அனுப்புவார்கள், திறந்தால் அந்த ஊர் சோப்பு வாசம் வீடெல்லாம் நிற்கும். ஆனால் துகூவுக்கு யாரும் பீப்பாய் அனுப்பியதில்லை. தன் இடத்தில் அதை நிறுத்திவிட்டான். யாரோ கோவில் வாசலில் உருட்டிக்கொண்டு வந்து வைத்து மூடியைத் திறந்தார்கள், பெண்கள் நாங்கள் விரல் கோத்து நின்றிருந்தோம், என் பக்கத்துப் பெத்ரோனாவின் விரல் திடீரென்று என் விரலை முறிக்கிற மாதிரி இறுக்கியது, அவள் முழங்கால் விலகியது, நடை மாறியது. வீங்கிய முழங்காலோடு இழுத்து இழுத்து நடந்தாள், அம்மாவின் நடை, அம்மா அவள்மேல் இறங்கிவிட்டாள், நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், நேராகப் பீப்பாயிடம் போய் இரண்டு கையையும் உள்ளே விட்டாள். சட்டைகளை எடுத்து எறிந்தாள். சோப்பு, டப்பா மீன், ஒரு ஜோடிச் சிவப்புச் செருப்பு. எடுத்து எறிந்துகொண்டே ஒவ்வொன்றுக்கும் பிறகு மறுபடி உள்ளே பார்த்தாள். பொருள் தீர்ந்த பிறகு தலையும் தோளும் உள்ளே போகிற அளவுக்குக் குனிந்தாள், பிளாஸ்டிக் அடியை உள்ளங்கையால் தடவுகிற சத்தம் கேட்டது. வெறும் பிளாஸ்டிக்கைத் தடவுகிற சத்தம். முரசு அடித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அதற்குள்ளிருந்து அம்மாவின் குரல் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, பீப்பாய்க்குள் சொன்னதால் பெரிதாகி வெளியே வந்தது. அடுத்த வாரம் விடியற்காலையில் கனவில் அந்தப் பாட்டு வந்தது, அடிக்கு அடி, ஐந்தும். எழுந்து உட்கார்ந்து விரல் மடக்கிச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. நான் கட்டியது இல்லை அது. அம்மா கொடுத்தது. கொடுத்ததை மாற்ற எனக்கு ஏது உரிமை, அதை எப்படி இந்தப் பெண்ணிடம் சொல்வது, சொன்னால் அதையும் கீழே சின்ன எழுத்தில் போட்டுவிடுவாளோ.

கோழி வருகிறது. "சூ," என்கிறாள் மார்சிலீன் எழுந்து நின்று, நகரத்துச் செருப்பைத் தரையில் தட்டி. சிவப்புச் செருப்பு அவளுக்குத்தான் அனுப்பியிருந்தான். அப்போது சின்னப் பெண், துகூ நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் போட்டுக்கொண்டு மணலில் குதித்தாள், அப்பா செருப்பு அனுப்பியிருக்கார் என்று எல்லோரிடமும் காலைக் காட்டினாள், யாரும் அவளை அதட்டவில்லை. அது பாட்டில் வரவில்லை. அம்மா அதைக் கொடுக்கவில்லை, பேத்தியை விட்டுவிட்டாள். "பீப்பாய்னா யாருக்கும் புரியாது அத்தை," என்கிறாள் இப்போது, "பாரம்பரியப் பாட்டுல பிளாஸ்டிக் பீப்பாய் வருமான்னு கமிட்டில கேட்டாங்க." "வந்துச்சே," என்கிறாள் பெத்ரோனா, "அதோ நிக்குது பாரு." கூரைத் தண்ணீருக்குக் கீழே நிற்கிறது, நீலம் வெளுத்து. மார்சிலீன் அதைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தாள். கமிட்டி ஒரு சாக்கு என்று எனக்குத் தெரிந்தது, சாக்குச் சொல்லும்போது செலஸ்தீனோவும் இப்படித்தான் கீழ் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வான். பிறகு அவளே சொன்னாள். "அப்பாகிட்ட அனுப்பிக் காட்டினேன் அத்தை. நவம்பர்ல, நம்மாளுங்க இந்தக் கரையில வந்து இறங்கின குடியேற்ற நாள் அன்னிக்குப் புத்தகம் வெளியிடறோம். அவர்தான் முதல் பிரதியை வாங்கறார். டிக்கெட் எடுத்துட்டார். ஆனா அந்தப் பேரு இருந்தா வரமாட்டேன்னு சொல்லிட்டார்." பெத்ரோனாவின் கை பலகையில் நின்றுவிட்டது. "வரமாட்டாராமா," என்றாள் பெத்ரோனா, "அதைத்தானடி பாட்டே சொல்லுது." "சித்தி, நீங்க சும்மா இருங்க." முக்காலியோடு என் பக்கம் திரும்பினாள். "அந்தப் பாட்டுதான் அவரை வரவிடாம வச்சிருக்கு. அப்போ அவர்கிட்ட பேப்பர் இல்ல, கிளம்பியிருந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க. பேப்பர் கிடைச்சு வரலாம்னு இருந்தப்போ அங்கே ஒரு கல்யாணத்துல நம்ம ஊர்ப் பொம்பளைங்க வரிசையா நின்னு அவர் முன்னாடியே பாடினாங்களாம். பேரைச் சொல்லி. சாப்பாட்டை வச்சுட்டு எழுந்து போயிட்டாராம். அதுக்கப்புறம் ஊர்ப் பேச்சையே எடுக்கல. இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் வர்றேன்னு சொல்றார். எனக்கு அவரைப் பார்க்கணும் அத்தை. உங்களுக்கு வேணாமா?"

உங்களுக்கு வேணாமா. கேட்டுவிட்டாள். எனக்கு வேண்டாமா. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்த இடுப்பு இது, இப்போது கம்பு அழுத்துகிற இடம்தான், சரியாக இந்த இடத்தில்தான் அவன் குதிகால் இடிக்கும். கடற்கரையில் படகு இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று அழுவான், போனால் அலையைப் பார்த்து என் கழுத்தைக் கட்டிக்கொள்வான். அவன் முகம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. போனில் படம் காட்டினார்கள், யாரோ தலை நரைத்த கனவான், மூக்கு மட்டும் எங்கள் வீட்டு மூக்கு. நவம்பரில் அவன் வருவான், அந்த வாசல் வழியாகக் குனிந்து வருவான், நான் எரெபா சுட்டு வைப்பேன், மீன் தலை வைப்பேன், யாரும் எதுவும் கேட்க மாட்டோம். நான் செய்ய வேண்டியது சரி என்று சொல்வது மட்டும். அம்மா கேட்டதும் அதுதானே, அவன் வர வேண்டும், அவ்வளவுதானே, பாட்டே அதற்குத்தானே, வந்துவிட்டால் பாட்டு எதற்கு. தோணி என்று போட்டால் என்ன. தோணியில் வரட்டுமே. தீவு என்று போட்டால் அம்மாவுக்கு என்ன குறைந்துவிடும், செத்தவளுக்கு. அப்படியே வாயைத் திறந்தேன், சரி என்று நாக்கு வரை வந்துவிட்டது, அப்போது அவன் வந்த பிறகு நடப்பது கண்ணில் வந்தது. மேடையில் நிற்கிறான். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறார்கள், தோணி, தோணி. அவன் கைதட்டுகிறான். யாரோ ஒரு பிள்ளை கேட்கும், யார் அந்தச் சகோதரன் என்று. நாம் எல்லோரும்தான் என்று டீச்சர் சொல்வாள். எல்லோரும். அந்தக் காய்ச்சலில் படுத்தவர்கள், பெரியப்பாவை நாற்காலியோடு தூக்கி வந்தவர்கள், வராதவன், எல்லோரும் ஒன்று. அதற்குப் பிறகு பெத்ரோனாவும் நானும் போய்விட்டால் அம்மா கையை விட்டுத் தேடவே இல்லை. உள்ளங்கை பிளாஸ்டிக்கில் உரசவே இல்லை. எல்லாமே இங்கிலீஷ்காரன் செய்த கொடுமை, எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் எதுவும் செய்யவில்லை. மார்சிலீன் மடியில் அந்தத் தாள்கள் இருக்கின்றன, கல்லை எடுத்துவிட்டாள், காற்றில் ஓரம் படபடக்கிறது, நல்ல தாள், வழவழப்பு, அந்த ஊர்த் தாள் போல இருக்கிறது. நன்றாகக் கட்டி அனுப்பியிருக்கிறான். எல்லாம் இருக்கிறது உள்ளே. கடல் இருக்கிறது, தோணி இருக்கிறது, தாய்த் தீவு இருக்கிறது, முன்னோர் இருக்கிறார்கள். நான் அடிவரை தொட்டுவிட்டேன். அவன் இல்லை. இன்னொரு பீப்பாய்தான் அனுப்பியிருக்கிறான், இந்தத் தடவை மகள் கையில் கொடுத்து.

"பீப்பாய்னே போடு," என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "சட்டை, சோப்பு எல்லாம் போடு. அஞ்சு அடி." மார்சிலீன் என்னைப் பார்த்தாள். "பேரு?" பெத்ரோனா வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள், அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. "பேரும்," என்றேன். "இல்லன்னா பக்கத்தையே எடுத்துடு. பாட்டு எங்களோட போகட்டும்." எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அதுதான் அவளுக்குச் சுலபம், அப்பாவும் வருவார், யாருக்கும் வலிக்காது. எடுத்துவிடு, எடுத்துவிடு என்று மனதுக்குள் ஒரு பக்கம் கெஞ்சிற்று, அது என்னுடைய மனதுதான், வெட்கமில்லாத பக்கம். அவள் பையைத் திறந்து பென்சிலை எடுத்தாள். தாளை முழங்காலில் வைத்து தோணியை ஒரு கோடு போட்டு அடித்தாள். மேலே எழுதினாள். இரண்டாவது அடியை இடைவெளியில் நுணுக்கமாக எழுதினாள். எழுதும்போது உதடு அசைந்தது, படிப்பதுபோல இல்லை, பாடுவதுபோல, சின்னப் பிள்ளையில் இந்தக் கொல்லையில் கிழங்கு தோலுரிக்கும்போது எங்களோடு பாடிய பாட்டு, யார் பெயர் என்று தெரியாமலே பாடிய பாட்டு. கடைசி அடியில் பென்சில் நின்றது. நான் பார்க்காமல் சட்டியைப் பார்த்தேன். பிறகு கீறல் சத்தம் கேட்டது, நிறுத்தி நிறுத்தி, தன் அப்பாவின் பெயரை எழுதி முடித்தாள். கீழே இருந்த சின்ன எழுத்து விளக்கத்தை என்ன செய்வது என்று கேட்கவில்லை, அதையும் அடித்தாள், குறுக்காக, அழுத்தி, தாள் கிழிந்தது. "அவர் வரலைன்னா?" என்றாள் எழுந்து. "முதல் புத்தகத்தைப் பெத்ரோனா கையில குடு." "என் கையிலயா, நான் படிக்கத் தெரியாதவ," என்றாள் பெத்ரோனா, ஆனால் சிரிக்கவில்லை. மார்சிலீன் குனிந்து என் நெற்றியில் முத்தம் வைக்கவில்லை, எப்போதும் வைப்பாள். பீப்பாயைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிஷம் நின்றாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், மழைத் தண்ணீர்தான் இருக்கும், அவள் முகம் தெரிந்திருக்கும். பஸ் ஹாரன் அடித்தது. ஓடினாள். தூசி வேலிவரை வந்து அடங்கியது. இடது கை இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அம்மாவுக்குத் திருப்தியாக இருந்தால் கை சரியாக வேண்டாமா. ஒருவேளை அவளும் அவன் வந்தால் போதும் என்றுதான் நினைத்தாளோ, நான்தான் அடிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனோ. யாரிடம் கேட்பது. "சாறு எப்பவோ நின்னுடுச்சுடி," என்கிறாள் பெத்ரோனா. "இறங்கு. நீ என்ன கல்லா?" "இரு," என்றேன். இறங்கவில்லை. கண்ணில் மாவுத் தூள் விழுந்த மாதிரி இருந்தது, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். அழுக்கு வேலைக்குப் போடுகிற சட்டை, கட்டம் போட்ட ஆண்பிள்ளைச் சட்டை, அம்மா எடுத்து எறிந்ததில் என் காலடியில் வந்து விழுந்தது. நல்ல சட்டைதான். இத்தனை வருஷத்தில் ஒரு பொத்தான்கூட விழவில்லை.